இங்கிலாந்துக்கு விமானம் பார்க்கக் குழுவாகப் போவது எப்படி? முதல்முறை கிளம்புவோருக்கு

"ஏரோப்ளேன் பார்க்கவா ஏரோப்ளேன் ஏறிப் போறீங்க? மீனம்பாக்கத்துல நின்னு பார்த்தா ஆகாதா?" பயணத் திட்டத்தைச் சொன்னதும் அம்மா கேட்ட கேள்வி இதுதான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. போய்வந்த பிறகும் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியவில்லை. ஆனால் எட்டுப் பேராகப் போய்வந்ததில் எது சரியாக நடந்தது, எங்கே சொதப்பினோம் என்பதைச் சொல்ல முடியும். இது அதற்கான பதிவு. இங்கிலாந்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் சின்ன ஊர் என்பதுதான். லண்டனிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்துக்குள் ஒரு வாரத்துக்குத் தேவையான விமானங்கள் இருக்கின்றன.

படி 1: முதலில் காட்சித் தேதி

சாதாரணச் சுற்றுலா என்றால் லீவு எப்போது, டிக்கெட் எப்போது மலிவு என்று பார்ப்போம். இங்கே அது தலைகீழ். அருங்காட்சியகம் ஓடிப்போகாது. ஏர் ஷோ வருடத்துக்கு ஒரு வார இறுதிதான். அதனால் முதலில் காட்சித் தேதியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் மற்ற நாட்களைக் கோர்க்க வேண்டும்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் சிபாரிசு ராயல் இன்டர்நேஷனல் ஏர் டாட்டூ. சுருக்கமாக ரியாட். (பச்சை குத்துகிற டாட்டூ இல்லை, ராணுவ அணிவகுப்புக் காட்சிக்கு அங்கே உள்ள பழைய பெயர்.) குளோஸ்டர்ஷையரில் உள்ள ஃபேர்ஃபோர்டு விமானப்படைத் தளத்தில், ஜூலை நடுவில், வெள்ளி முதல் ஞாயிறு வரை நடக்கும். 2003-இல் இங்கே 535 விமானங்கள் வந்து கின்னஸ் சாதனையானது. எல்லா வருடமும் அத்தனை வராது, ஆனால் பல நாட்டு விமானப்படைகள் ஒரே ஓடுபாதையில் அடுத்தடுத்துப் பறப்பதை வேறு எங்கும் இவ்வளவு எளிதாகப் பார்க்க முடியாது. டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கியாக வேண்டும். வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

பெயர் பெரிதாகத் தெரிகிறதே என்று ஃபார்ன்பரோவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் உண்டு. இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கும் அந்தக் காட்சி வியாபாரிகளுக்கானது. பொதுமக்களுக்கென்று முன்பு இருந்த வார இறுதிக் காட்சி இப்போது இல்லை.

இன்னொன்று, மழை. 2008-இல் பெய்த மழையில் மைதானம் சேறாகி, ரியாட் மொத்தமாக ரத்தானது. அதனால் முழுப் பயணத்தையும் ஒரே காட்சியின் தலையில் ஏற்றாதீர்கள். காட்சி கைவிட்டுப் போனாலும் பயணம் வீணாகக் கூடாது. அதற்குத்தான் அருங்காட்சியகங்கள்.

படி 2: எத்தனை பேர்?

ஒன்பதுக்கு மேல் வேண்டாம். அங்கே ரயிலில் 3 முதல் 9 பேர் வரை சேர்ந்து போனால், நெரிசல் இல்லாத நேரப் பயணச்சீட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி கிடைக்கும். குரூப்சேவ் என்று பெயர். சாதாரணக் கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டுநர் தவிர எட்டுப் பேர் உட்காரும் வேன் வரை ஓட்டலாம். நம் ஊர் லைசென்ஸும் அங்கே 12 மாதம் செல்லும், வண்டி ஓட்டுவதும் இடப்பக்கம்தான். ஆக இரண்டு கணக்கும் ஒன்பதில் வந்து நிற்கிறது. ஆனால் ஒன்பது பேர் ஏறிய வேனில் ஒன்பது பெட்டிக்கு இடம் இருக்காது. ஆறு பேர் என்றால் சொகுசு.

எண்ணிக்கையை விட முக்கியம், யார் யார் என்பது. விமானப் பைத்தியம் பிடித்தவர்கள், அவர்களுக்காகக் கூட வருகிறவர்கள் என்று குழு இரண்டாகப் பிரியும். கூட வருகிறவர்களுக்கு ஒரு முழு நாள் லண்டனில் விட்டுவிடுங்கள். எங்கள் குழுவில் இதை யாரும் முன்னாலேயே பேசவில்லை. நான்காம் நாள் காலை இட்லிப் பொடியை முன்னிட்டு ஒரு சண்டை வந்தது. சண்டை பொடிக்காக இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

படி 3: விசா

குழு விசா என்று ஒன்று கிடையாது. ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆன்லைனில் பார்வையாளர் விசாவுக்கு விண்ணப்பித்து, சென்னையில் உள்ள மையத்தில் கைரேகையும் புகைப்படமும் கொடுக்க வேண்டும். பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருக்கும்போது விண்ணப்பிக்க முடியாது. முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். ஜூலைப் பயணத்துக்கு ஏப்ரல் கடைசியிலேயே எல்லோரும் விண்ணப்பித்துவிட்டால் நிம்மதி.

வங்கிக் கணக்கு விவரம், வேலை பார்க்கும் இடத்திலிருந்து லீவுக் கடிதம், இவற்றோடு எட்டுப் பேருக்கும் ஒரே பயணத்திட்டத்தை அச்சடித்து வைத்தோம். ஒருவர் திட்டத்தில் ஒன்பது நாள், இன்னொருவர் திட்டத்தில் பதினொரு நாள் என்று இருந்தால் தேவையில்லாத கேள்வி வரும். திரும்பப் பணம் கிடைக்காத விமான டிக்கெட்டை விசா கைக்கு வரும்வரை வாங்காதீர்கள். சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரடி விமானம் உண்டு. வளைகுடா வழியாகப் போனால் சில சமயம் மலிவு.

படி 4: தங்குமிடம்

லண்டனில் ஒரு பாதி, ஸ்விண்டனில் ஒரு பாதி. ஸ்விண்டன் என்பது ஃபேர்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள ரயில் நிலைய ஊர். லண்டன் பாடிங்டனிலிருந்து ஒரு மணி நேரம். காட்சி வாரத்தில் சுற்றுவட்டாரத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. விசாவுக்குக் காத்திருக்காமல், ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்து முந்தைய ஆண்டே போட்டு வையுங்கள். நாங்கள் பதிவு செய்த ஒரு விடுதி, இரண்டு மாதத்துக்கு முன் "மன்னிக்கவும், அறை இல்லை" என்று கைவிரித்துவிட்டது. அதனால் வாரத்துக்கு ஒருமுறை பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் ஒரு வேலைதான்.

படி 5: அருங்காட்சியகங்கள். மூன்று போதும்

ஏழெட்டு இடம் பட்டியல் போட்டுக்கொண்டு போனோம். மூன்றோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு நாளைக்கு ஓரிடம், அதற்கு மேல் போனால் எல்லா விமானமும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும்.

முதல் நாள் ஹெண்டன். லண்டனிலேயே உள்ள ஆர்.ஏ.எஃப்., அதாவது பிரிட்டிஷ் விமானப்படை, அருங்காட்சியகம். லண்டன் மெட்ரோவின் நார்தர்ன் லைனில் காலின்டேல் நிலையத்தில் இறங்கி நடந்து போகலாம். அனுமதி இலவசம், அதனால் விமானக் களைப்போடு போய்ப் பாதியில் திரும்பினாலும் மனசு வலிக்காது. இங்கே நேராக இரண்டாம் உலகப் போர்க் கால லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்திடம் போங்கள். எஸ் ஃபார் ஷுகர் என்று பெயர். மூக்குக்குப் பக்கத்தில் வரிசை வரிசையாக மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னக் குண்டுகள் வரைந்திருக்கும். ஒரு தாக்குதலுக்கு ஒன்று. மொத்தம் 137 முறை போய்வந்த விமானம் அது. ஒரு குழுவினருக்கு ஒரு சுற்றுப் பணி என்பதே 30 முறைதான் என்று தெரிந்துகொண்டு அந்த வரிசையை எண்ணிப் பாருங்கள். அதன் கீழே, எதிரி விமானம் ஒன்றுகூட ஜெர்மனி மேல் பறக்காது என்று ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங் சொன்ன வாக்கியத்தையும் நக்கலாக எழுதி வைத்திருக்கிறார்கள். லங்காஸ்டர் மொத்தம் 7,377 செய்தார்கள். இன்று பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டே இரண்டு, ஒன்று இங்கிலாந்தில், மற்றது கனடாவில்.

நமக்கு மட்டும் உரைக்கிற ஒரு விஷயமும் உண்டு. டிஃபயன்ட் என்று ஒரு போர் விமானம். விமானிக்குப் பின்னால் சுழலும் இயந்திரத் துப்பாக்கிக் கூண்டு, முன்பக்கம் சுட ஒன்றுமே கிடையாது. அதை முதன்முதலில் பறக்கவிட்ட படைப்பிரிவு 264. அதன் பெயர் 'மெட்ராஸ் பிரசிடென்சி' ஸ்குவாட்ரன். போர்க் காலத்தில் நம் மாகாணத்திலிருந்து போன நன்கொடைக்காக வைத்த பெயர். முழுசாக மிஞ்சியிருக்கும் ஒரே டிஃபயன்ட் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்தான் இருக்கிறது. ஹெண்டனுக்கும், இதே அருங்காட்சியகத்தின் இன்னொரு கிளை உள்ள காஸ்ஃபோர்டுக்கும் இடையில் விமானங்களை அவ்வப்போது மாற்றுவார்கள். குறிப்பிட்ட ஒன்றைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எங்களோடு வந்த கோயம்புத்தூர் மாமா ஒருவர், முப்பது வருடம் லேத் ஓட்டியவர், லங்காஸ்டரை ஓட்டிய மெர்லின் எஞ்சின் ஒன்றின் முன்னால் நின்றார். நாங்கள் ஒரு கூடம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தோம், அதே இடத்தில் நிற்கிறார். "கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல இதை எப்படிக் கடைஞ்சாங்க தம்பி?" என்றார். குழுவாகப் போவதன் லாபம் இது. நான் தனியாகப் போயிருந்தால் அந்த எஞ்சினைக் கடந்து போயிருப்பேன்.

இரண்டாவது டக்ஸ்ஃபோர்டு. கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில். ஒரு முழு நாள் வேண்டும், நல்ல செருப்பும் வேண்டும். ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே கால் கழன்றுவிடும். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து விட்டில்ஸ்ஃபோர்டு வரை ரயில், அங்கிருந்து டாக்சி. 1938-இல் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் முதன்முதலில் படைக்கு வந்து சேர்ந்த தளம் இது. சாதாரண நாளில் போனாலும், பணம் கட்டியவர்களை ஏற்றிக்கொண்டு இரண்டு இருக்கை ஸ்பிட்ஃபயர் தலைக்கு மேல் போய்வருவதைப் பார்க்க வாய்ப்பு உண்டு.

இங்கே உள்ள கான்கார்டு என்ற அதிவேகப் பயணிகள் விமானத்துக்குள் ஏறி நடக்கலாம். உள்ளே அவ்வளவு குறுகல், நம் ஆம்னி பஸ் தேவலை. 1977-இல் பறந்து வந்து இறங்கியது. அதன் பிறகு எம்-11 நெடுஞ்சாலைக்காக ஓடுபாதையின் ஒரு முனையை வெட்டிவிட்டார்கள். அடுத்து அமெரிக்க விமானக் கூடம். பி-52 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை அகலத்தை வைத்து நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த கட்டடம். உள்ளே கறுப்பாக நிற்கும் எஸ்.ஆர்.-71 பிளாக்பேர்ட் உளவு விமானம், அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ஒரே ஒன்று. 1976-இல் 85,069 அடி உயரத்தில் பறந்து சாதனை செய்தது இதே விமானம். ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் சூடாகி உடல் விரியும் என்பதற்காக, தகடுகளுக்கு நடுவே இடைவெளி விட்டுச் செய்தார்கள். அதனால் தரையில் நிற்கும்போது எரிபொருள் ஒழுகுமாம்.

மூன்றாவது, எனக்கு ரொம்பப் பிடித்தது, ஓல்டு வார்டன். பெட்ஃபோர்ட்ஷையரில் ஒரு புல்வெளி விமானத்தளம். ஷட்டில்வொர்த் சேகரிப்பு என்பார்கள். ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் என்ற இளைஞர் பழைய விமானங்களைச் சேர்த்து வைத்தார். 1940-இல் விமானப்படைப் பயிற்சியில் விபத்தில் இறந்துபோனார். அவருடைய அம்மா அதை அறக்கட்டளையாக்கினார். மே முதல் அக்டோபர் வரை இங்கே சின்னச் சின்னக் காட்சிகள் நடக்கும். முடிந்தால் மாலைக் காட்சி உள்ள தேதியாகப் பாருங்கள். 1909-இல் செய்த பிளேரியோ வகை விமானம் ஒன்று இங்கே இருக்கிறது. காற்று அடங்கினால்தான் அதை வெளியே எடுப்பார்கள். மரச்சட்டம், துணி, சைக்கிள் சக்கரம் மாதிரி இரண்டு சக்கரம். மூன்று சிலிண்டர் எஞ்சின் பழைய புல்லட் மாதிரி இருமி இருமிக் கிளம்பி, புல்லின் மேல் ஓடி, ஆள் உயரம் எழும்பி, நேராகக் கொஞ்ச தூரம் போய் இறங்கிவிடும். அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். பழைய சுழல் எஞ்சின் விமானங்கள் ஓடும்போது விளக்கெண்ணெய் வாசனை வரும். நிஜ விளக்கெண்ணெய்தான், அதுதான் அவற்றுக்கு மசகு. சின்ன வயதில் பாட்டி துரத்தித் துரத்திக் குடிக்க வைத்த அதே வாசனையை ஒரு விமானத்தளத்தில் முகர்வேன் என்று நினைக்கவே இல்லை.

படி 6: காட்சி நாளில்

விடியற்காலையே கிளம்புங்கள். காலை நேரம் தரையில் நிறுத்தி வைத்த விமானங்களுக்கு. பறக்கும் காட்சி தொடங்கியதும் ஓடுபாதை ஓரம் இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். மடக்கு நாற்காலி, மழைக்கோட்டு, தொப்பி, சன்ஸ்க்ரீன், தண்ணீர். ஒரே நாளில் வெயில், மழை இரண்டுக்கும் தயாராக இருங்கள்.

காதடைப்பானை மறக்காதீர்கள், பஞ்சு போதாது. டைஃபூன் போர் விமானம் ஆஃப்டர்பர்னரை (கூடுதலாக எரிபொருளைக் கொளுத்தி உந்துவிசை கூட்டும் அமைப்பு) போட்டுக் கிளம்பும்போது சத்தம் காதுக்கு வருவதற்கு முன் நெஞ்செலும்பில் தெரியும். குழந்தைகளுக்குக் காதை முழுக்க மூடும் வகை வாங்குங்கள்.

செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். கூட்டத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மதியம் அனுப்பிய "எங்கே இருக்கீங்க?" இரவு விடுதியில் வந்து சேர்ந்தது. எங்கள் குழுவில் ஒரு பெரியவர் இரண்டு மணி நேரம் காணாமல் போய், கடைசியில் ஒரு சரக்கு விமானத்தின் வால் பக்கம் அமைதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். அதனால் நுழைந்ததுமே நகராத ஓர் அடையாளத்தைச் சொல்லி, "ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் இங்கே" என்று முடிவு செய்துவிடுங்கள். விமானத்தை அடையாளமாக வைக்காதீர்கள். அது பறந்துவிடலாம்.

படி 7: படம் எடுக்க

ஜெட் என்றால் 1/1000 அல்லது அதற்கு மேல் ஷட்டர் வேகம். புரொப்பெல்லர் விமானத்துக்கு அதே வேகம் வைத்தால் இறக்கைச் சக்கரம் உறைந்து, பொம்மையை நூலில் கட்டித் தொங்கவிட்டது போல இருக்கும். 1/200 பக்கம் இறக்கி, விமானத்தோடு கேமராவையும் சீராகத் திருப்புங்கள். பத்தில் எட்டுப் படம் கலங்கும். பரவாயில்லை. டக்ஸ்ஃபோர்டில் பார்வையாளர்கள் தெற்கு நோக்கி நிற்பதால் வெயில் முகத்தில் அடிக்கும், விமானம் கறுப்பாக விழும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள். செல்போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் வானத்தை விட்டுவிட்டுத் தரை விமானங்களையும் கூட வந்தவர்களின் முகத்தையும் எடுங்கள்.

படி 8: சில்லறை விஷயங்கள்

லண்டன் மெட்ரோவில் ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. ஒரே அட்டையை இரண்டு பேர் தட்ட முடியாது. மின் இணைப்புக்கு மூன்று முனை அடாப்டர் வேண்டும். பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பொதுச் செலவுக்கு ஒருவர் கணக்கு எழுதட்டும், அன்றன்றைக்கே எழுதட்டும்.

கடைசியாக, கடைசி விமானம் இறங்கியதும் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடாதீர்கள். மெரினா ஏர் ஷோவுக்குப் போய்த் திரும்பியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், எல்லோரும் ஒரே நேரத்தில்தான் கிளம்புவார்கள். ஜூலையில் அங்கே இருட்ட ஒன்பது மணிக்கு மேல் ஆகும். நாற்காலியை மடக்காமல் மீதி இருக்கும் சாப்பாட்டைப் பிரியுங்கள். நாங்கள் கிளம்பியபோது மைதானம் பாதி காலியாகியிருந்தது. ஓடுபாதைக்கு அந்தப்பக்கம் இரண்டு மெக்கானிக்குகள் ஏணி போட்டு ஒரு விமானத்தின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களைப் பார்த்துக் கையசைத்தார். ஒருவர் துணியை ஆட்டிக் காட்டினார்.