வாசித்த வசனத்தையே ஜெபமாக்குவது எப்படி?

காலையில் ஓர் அதிகாரம் வாசிப்போம். வேதத்தை மூடுவோம், கண்ணையும் மூடுவோம். பிறகு, வாசித்ததற்குக் கொஞ்சமும் தொடர்பில்லாமல், நேற்றுச் சொன்ன அதே ஜெபம் வரும்: "ஆண்டவரே, இந்த நாளை ஆசீர்வதியும், வீட்டாரைக் காத்துக்கொள்ளும்." நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் ஜெபித்தேன். கேட்டதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் ஆண்டவர் ஒன்றைச் சொல்லி வாய் மூடுவதற்குள் நாம் பேச்சை மாற்றிவிடுகிறோமே, அதுதான் உறுத்தியது.

ஆதித் திருச்சபை அப்படிச் செய்யவில்லை. இயேசுவைப் பற்றிப் பேசக்கூடாது என்று பேதுருவையும் யோவானையும் யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கம் மிரட்டி அனுப்பியபோது, விசுவாசிகள் இரண்டாம் சங்கீதத்தின் வரிகளைச் சொல்லித்தான் ஜெபித்தார்கள் (அப்போஸ்தலர் 4:24-30). வசனத்திலிருந்து தொடங்கியதால் கேட்பதும் மாறிவிட்டது: மிரட்டலை நீக்கும் என்று கேட்காமல், தைரியமாய்ப் பேச வரம் தாரும் என்று கேட்டார்கள். ஆவிக்குரிய வளர்ச்சி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த மாற்றத்தைத்தான். இதைப் பழகும் வழி இதோ.

1. சிறிய பகுதியை எடுங்கள்

176 வசனமுள்ள 119ஆம் சங்கீதத்தில் தொடங்க வேண்டாம். வம்ச வரலாறும் இப்போதைக்கு வேண்டாம். பிலிப்பியர் 1:9-11 போதும். மூன்றே வசனம், காவலில் இருந்த பவுல் மற்றவர்களுக்காகச் செய்த ஜெபம். ஏற்கெனவே ஜெபமாக இருப்பதால் உங்களுக்கு வேலை பாதிதான். இதே பகுதியில் ஒரு வாரம் இருங்கள்.

2. முதலில் ஒரு வரி கேளுங்கள்

"உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்" (சங்கீதம் 119:18). இதற்கு மேல் முன்னுரை தேவையில்லை.

3. மூன்று முறை வாசியுங்கள்

ஒரு முறையாவது வாய்விட்டு. மூன்றாவது முறை கையில் பென்சில் இருக்கட்டும். எந்தச் சொல்லில் மனம் தடுக்கி நிற்கிறதோ அதன் கீழே கோடு போடுங்கள். அன்றைக்கு அந்தச் சொற்றொடர் மட்டும் போதும்.

4. அதைத் திருப்பிச் சொல்லுங்கள்

எல்லாம் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஒன்பதாம் வசனத்தின் ஒரு பகுதியைப் பார்ப்போம்: "உங்கள் அன்பானது அறிவிலும் எல்லா உணர்விலும் இன்னும் அதிகமாய்ப் பெருகவும்."

அன்பு உண்டாக வேண்டும் என்று பவுல் கேட்கவில்லை, பெருக வேண்டும் என்கிறார். அன்பு அவர்களிடம் முன்பே இருந்தது. அது எதில் பெருக வேண்டும்? அறிவிலும் உணர்விலும். அப்படியானால், அறிவில்லாத அன்பு, எதிரே இருப்பவரின் நிலை உணராத அன்பு என்றும் ஒன்று உண்டு. இந்த இடத்தில் எனக்கு ஒருவர் முகம் நினைவுக்கு வந்தது.

இப்போது "உங்கள்" என்பதை "என்" என்று மாற்றினேன். "என் அன்பைப் பெருகச்செய்யும்" என்று முடித்திருக்கலாம். அப்படி முடித்தால் மதியத்திற்குள் மறந்துபோகும். அதனால் நடந்ததையும் சேர்த்துச் சொன்னேன்: "பிதாவே, நேற்று அவர் மனம்விட்டுப் பேச ஆரம்பித்ததும் பாதியிலேயே புத்திமதி சொல்லத் தொடங்கிவிட்டேன். அன்பு இருந்தது, உணர்வு இல்லை. மன்னியும். இன்று மாலை அவரைப் பார்க்கும்போது, பொறுமையாய்க் கேட்கிற அன்பை எனக்குத் தாரும்."

வசனம் ஒன்று, அறிக்கை ஒன்று, இன்றைக்கென ஒரு விண்ணப்பம். இவ்வளவுதான். நீளம் முக்கியமில்லை.

பழைய மொழிபெயர்ப்பில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு சொல். அடுத்து வரும் "துப்புரவானவர்களும்" என்பதைக் கண்டதும் துடைப்பம் நினைவுக்கு வந்தால் அது உங்கள் குற்றமல்ல. இன்று அந்தச் சொல் அங்கேதான் புழங்குகிறது. இங்கே கலப்பற்றவர்கள், உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாதவர்கள் என்று பொருள். பொருள் புரியாத சொல்லை ஜெபிக்காதீர்கள். வேறொரு மொழிபெயர்ப்பை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

5. தேதி போட்டு எழுதுங்கள்

நோட்டில் ஒரு வரி: சொற்றொடரும் கேட்டதும். மொபைலிலும் எழுதலாம்தான், ஆனால் அதைக் கையில் எடுத்தால் வேறெங்கோ போய்விடுகிற ஆள் நான்.

மனம் அலைந்தால் திட்டிக்கொள்ள வேண்டாம், வசனத்துக்குத் திரும்புங்கள். அதே கவலை மூன்றாவது முறையும் வந்தால், அதையே அந்த வசனத்தின் முன் வையுங்கள். சொல்ல ஒன்றுமே வராத நாட்களில் வசனத்தை அப்படியே வாசித்து ஆமென் சொல்லலாம்.

6. வசனத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள்

எரேமியா 29:11 பலருக்கு மனப்பாடம்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. நாளைக்கே வேலை கிடைக்கும் என்ற உத்தரவாதமல்ல. எரேமியா சொன்ன அந்த 70 வருஷக் கணக்கைப் புரிந்துகொண்ட தானியேல் என்ன செய்தார்? உபவாசித்து, துக்கத்துக்கு அடையாளமான இரட்டு என்னும் முரட்டுத் துணியை உடுத்தி, "பாவஞ்செய்தோம்" என்று அறிக்கையிட்டார் (தானியேல் 9). ஆகவே முன்னும் பின்னும் சில வசனங்களை வாசித்துவிட்டு ஜெபியுங்கள். கேட்பது சற்று மாறும், மாறட்டும்.

7. வேறொருவருக்காக

வார இறுதியில் அதே மூன்று வசனங்களில் "என்" இருந்த இடத்தில் ஒருவருடைய பெயரை வையுங்கள். உங்களுக்கு எரிச்சலூட்டுகிற ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது. பெயரைச் சொன்னதும் குரல் தயங்கும், தயங்கினாலும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் வாரத்துக்குக் கொலோசெயர் 1:9-12. பதினோராம் வசனத்தில் எல்லா வல்லமையையும் கேட்கிறார் பவுல். எதற்காக என்று பார்த்தால், பொறுமைக்காக. அந்த ஓரிடத்தில் நான் மூன்று நாள் நின்றுவிட்டேன், அடுத்த வசனத்துக்குப் போகவே இல்லை. நீங்களும் நின்றுவிட்டால் அவசரப்பட வேண்டாம்.