கயிறு அறுந்த இரவு: அதிரடிப்படை தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலீசார் சம்மட்டியால் ஓங்கி ஓங்கி அடித்தும் பேருந்தின் கண்ணாடி லேசில் வழிவிடவில்லை. கதவில் கட்டி இழுத்த கயிறோ அறுந்தேபோனது. உள்ளே பயணிகளைச் சிறைபிடித்தபடி எம்16 துப்பாக்கியோடு ஒருவர். 2010 ஆகஸ்ட் 23 அன்று இரவு பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் நடந்த இதை உலகமே நேரலையில் பார்த்தது. ஹாங்காங் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் உயிரிழந்தார்கள்.

அந்தக் கயிற்றைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் காரியம் கெட்டது அதற்கு முன்பே.

பேருந்தைச் சிறைபிடித்த ரொலாண்டோ மெண்டோசா, வேலையிலிருந்து நீக்கப்பட்ட போலீஸ் அதிகாரி. வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்பதே அவரது கோரிக்கை. முதியவர்கள், குழந்தைகள் எனச் சிலரைப் பகலிலேயே இறக்கி அனுப்பியிருந்தார். இப்படி ஆள் பேசிக்கொண்டிருக்கும்வரை நேரம் போலீஸின் பக்கம்தான். பசி, களைப்பு, சலிப்பு எல்லாம் துப்பாக்கி வைத்திருப்பவரைத்தான் தளர்த்தும். அந்த நேரத்தை வீணடித்ததுதான் முதல் தவறு. அதே வகைப் பேருந்து ஒன்றை மறைவாக நிறுத்தி, கதவு எப்படித் திறக்கும், அவசர வழி எங்கே என்று பழகிப் பார்க்க ஒரு முழுப் பகல் இருந்தது.

மாலையில் அவருக்கு வந்த கடிதம், வழக்கை மறுபடி பார்க்கிறோம் என்றது. வேலை தருகிறோம் என்று சொல்லவில்லை. அவர் கொதித்தார். அந்தச் சமயம் பார்த்து, போலீஸ்காரரான அவருடைய தம்பியைக் கேமராக்களுக்கு முன்னால் இழுத்துச் சென்றார்கள். பேருந்துக்குள் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. மெண்டோசா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் சுடத் தொடங்கினார். இந்தியாவும் இதே பாடத்தை 2008 மும்பைத் தாக்குதலில் கற்றது. கமாண்டோக்களின் நடமாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து, உள்ளே இருந்த பயங்கரவாதிகளுக்கு அவர்களை இயக்கியவர்கள் பாகிஸ்தானிலிருந்து தொலைபேசியில் உத்தரவு போட்டார்கள். இத்தகைய நடவடிக்கைகளை நேரலையில் காட்ட 2015-இல்தான் விதி தடை போட்டது. ஏழு ஆண்டுத் தாமதம் எனக்கு இன்றும் விளங்கவில்லை.

யாரை அனுப்புவது என்பதிலும் மணிலா சறுக்கியது. தேசிய அளவிலான சிறப்புப் படை தயாராக இருக்க, நகரப் போலீஸின் குழுவே உள்ளே நுழைந்தது. முடிவெடுக்க வேண்டியவர்கள் நெருக்கடியான நேரத்தில் அருகிலிருந்த உணவகத்துக்குப் போயிருந்ததை விசாரணைக் குழு கண்டித்தது.

பொறுமைதான் எப்போதும் வழி என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அதுவும் தவறு. சுடத் தொடங்கிவிட்டவனிடம் காத்திருப்பு செல்லாது. 2022 மே 24 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் உவால்டியின் தொடக்கப்பள்ளியில் ஒருவன் சுடத் தொடங்கிய பிறகும், பதுங்கியிருப்பவனை முற்றுகையிடுவதாக எண்ணிப் போலீசார் 77 நிமிடம் நின்றார்கள். திரண்டிருந்த போலீசார் 370-க்கும் மேல். இறந்தவர்கள் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும். வகுப்பறைக் கதவுக்குச் சாவி தேடுவதில் கழிந்தது அந்த நேரத்தில் ஒரு பகுதி. அந்தக் கதவு பூட்டப்படாமலேயே இருந்திருக்கக்கூடும் என்று பின்னர் விசாரணையில் தெரியவந்தது.