அழகர் வழியில் மோர்ப் பந்தல்: கூட்டமே கை கொடுக்கும்படி போடுவது எப்படி

சித்திரைத் திருவிழாவில் மதுரைக்குள் மோர் கொடுக்க ஆள் பஞ்சமே கிடையாது. தெருவுக்கு நாலு பந்தல் நிற்கும். ஆனால் சில பந்தல்களில் வாங்கியவர் வாங்கியதோடு போய்விடுவார். வேறு சில பந்தல்களில் மோர் குடித்த ஆளே அடுத்த நிமிஷம் ஜக்கைத் தூக்கிக்கொண்டு ஊற்றிக்கொண்டிருப்பார். இரண்டிலும் மோர் ஒன்றுதான். வித்தியாசம் பந்தல் போட்ட விதத்தில் இருக்கிறது. வருகிறவர் கண்ணுக்கு அங்கே செய்யாத வேலை ஒன்று காலியாகத் தெரிய வேண்டும். ஒரே நிற பனியன் போட்ட இருபது பேர் இடைவெளியில்லாமல் நின்றால் வெளியாள் எவரும் கை வைக்க மாட்டார்.

முதலில் இடம். அழகர்கோவிலிலிருந்து கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் வழியாக மூன்றுமாவடிக்கு வந்து, புதூர், தல்லாகுளம் என்று கள்ளழகர் வைகை ஆற்றை நோக்கி இறங்குவார். வழியில் நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள், அதாவது சாமி நின்று பூஜை ஏற்கிற இடங்கள். இந்த வழியில் எங்கே வேண்டுமானாலும் பந்தல் போடலாம், மண்டகப்படி வாசலையும் பாலத்து முனையையும் தவிர. கோரிப்பாளையத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கும் பாதையும், ஆழ்வார்புரத்துக் கரையும், ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலத்து இறக்கமும் கூட்டம் குறுகுகிற இடங்கள். அங்கே ஒரு டம்ளருக்காகப் பத்துப் பேர் நின்றாலே பின்னால் வருகிற கூட்டம் முட்டும். 2022-இல் அழகர் ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். அதனால் குறுகலுக்கு நூறு, நூற்றைம்பது அடி முன்னாலோ, அதைத் தாண்டி ரோடு அகலமாகிற இடத்திலோ போடுங்கள். அன்னதானம், நீர்மோர் கொடுப்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்துகொள்ள வேண்டும். இதைக் கொடியேற்றத்துக்கு முன்பே முடித்துவிட்டால் கடைசி நேர அலைச்சல் இல்லை.

பத்துக்கு இருபது அடிப் பந்தல் போதும். மேஜையை ரோட்டுக்குக் குறுக்கே போடாதீர்கள், ரோடு ஓடுகிற திசையிலேயே நீளவாக்கில் போடுங்கள். நடக்கிற கூட்டத்திலிருந்து குறைந்தது ஆறடி உள்ளே தள்ளி இருக்கட்டும். கயிறோ சவுக்குக் கம்போ முன்னால் கட்டக் கூடாது. தள்ளுமுள்ளில் முதல் ஆள் அதில்தான் மடங்கி விழுவார். கூட்டம் வருகிற முனையில் டம்ளரைக் கொடுங்கள். கழுவுகிற தொட்டியை மறுமுனையில், இருபதடி தள்ளி வையுங்கள். வாங்கியவர் குடித்துக்கொண்டே தொட்டியை நோக்கி நடப்பார், நின்ற இடம் தானாகக் காலியாகும். தொட்டியைக் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைப்பதுதான் பெரும்பாலான பந்தல்களில் அடைசலுக்குக் காரணம்.

இனி அளவு. 150 மில்லி டம்ளரில் ஆயிரம் பேருக்கு 150 லிட்டர் மோர் வேண்டும். அதற்குக் கெட்டித் தயிர் 35 லிட்டர், தண்ணீர் 115 லிட்டர். அதாவது இருபது லிட்டர் கேன் ஆறு. கல்லுப்பு 700 கிராம், இஞ்சி முக்கால் கிலோ, பச்சைமிளகாய் 400 கிராம், பெருங்காயம் 40 கிராம், கறிவேப்பிலை, கொத்துமல்லி கைநிறைய. மிளகாயை இதற்கு மேல் கூட்டாதீர்கள், வாங்குகிறவர்களில் குழந்தைகளும் நிறைய. தயிரைத் தண்ணீர் சேர்க்காமல் முதலில் நன்றாகக் கடைந்துவிட வேண்டும். தண்ணீரை ஊற்றிவிட்டுக் கடைந்தால் கட்டி கட்டியாக மிதக்கும். இஞ்சி, மிளகாய், கறிவேப்பிலையை அரைத்துத் துணியில் வடிகட்டிச் சாற்றை மட்டும் சேருங்கள். நடந்துகொண்டே குடிக்கிறவர் தொண்டையில் இஞ்சித் துணுக்கு சிக்கினால் புரையேறும்.

மொத்தத்தையும் காலையிலேயே கலக்கி வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் நாலு மணி நேரத்தில் புளித்துவிடும். ஐம்பது ஐம்பது லிட்டராகக் கலக்குங்கள். எவர்சில்வர் அண்டாதான் சரி. வீட்டில் கிடக்கிறதே என்று ஈயம் பூசாத பித்தளை அண்டாவில் மோரை ஊற்றினால் களிம்பேறி வயிற்றைப் புரட்டும். ஐஸ் கட்டியை மோருக்குள் போடவே கூடாது. கடையில் வருகிற பெரிய பார் ஐஸ் மீனுக்கும் பிணப் பெட்டிக்கும் போகிற சரக்கு. அதை ஒரு பெரிய தொட்டியில் உடைத்துப் போட்டு, அதற்குள் அண்டாவை இறக்கி வைத்தால் மோர் குளிர்ந்துவிடும்.

அழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை இரவில் மோரை விடப் பானகமும் சுக்குக் காபியும்தான் போகும். நடந்தே வருகிற கால்களுக்கு வெல்லம் தெம்பு. பத்து லிட்டர் பானகத்துக்கு வெல்லம் ஒரு கிலோ, சுக்கு 25 கிராம், ஏலக்காய் 10 கிராம், எலுமிச்சை பத்து. வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டியபிறகே மற்றதைச் சேருங்கள். அழகர் ஆற்றில் இறங்குவது விடிகிற வேளை. அதற்குப்பின் எட்டு மணியிலிருந்து மதியம் இரண்டு வரைதான் மோருக்கு உண்மையான தேவை. பலர் ஆறு மணிக்கே ஊற்றித் தீர்த்துவிட்டு, வெயில் ஏறுகிற நேரத்தில் காலி அண்டாவோடு உட்கார்ந்திருப்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்காகப் பானகப் பந்தலிலும் ஒரு குடம் வெறும் தண்ணீர் தனியாக இருக்கட்டும்.

டம்ளர் விஷயம். பிளாஸ்டிக் கப்பும், உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தடை இல்லாவிட்டாலும் அவை வேண்டாம். மிதிபட்ட கப்பும் சிந்திய மோரும் சேர்ந்தால் செருப்பில்லாத காலும் வழுக்கும். எவர்சில்வர் டம்ளர் 250 வாங்குங்கள். இரண்டு பேர் கொடுத்தால் நிமிஷத்துக்கு நாற்பது டம்ளர் போகும். ஒரு டம்ளர் போய், குடித்து, கழுவி, மேஜைக்குத் திரும்ப மூன்று நான்கு நிமிஷம். ஆக 160 எப்போதும் சுற்றில் இருக்கும், மீதி கைக்காவல். கழுவ மூன்று தொட்டி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், இரண்டில் நல்ல தண்ணீர். கழுவுவதற்கு மட்டும் ஐநூறு லிட்டர் டேங்க் தனியாக வேண்டும். பாட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஓரமாக ஒரு குழாய் தனியாகப் போட்டுவிட்டால் வரிசையில் கால்வாசி குறையும். கருப்பசாமி வேஷம் கட்டி, சாமி மேல் தண்ணீர் பீய்ச்சத் துருத்தியோடு வருகிறவர்களும் தோல்பையை அங்கேயே நிரப்பிக்கொள்வார்கள். பிரஷர் பம்ப் கொண்டு வருகிறவருக்குக் கொடுக்காதீர்கள். அது சாமி மேலும் பட்டர்கள் மேலும் வேகமாக அடிக்கிறது என்றுதான் தடை போட்டிருக்கிறார்கள்.

எட்டுப் பேர் போதும்: ஊற்ற இரண்டு, கொடுக்க இரண்டு, கூப்பிட ஒன்று, கழுவ இரண்டு, ஜக்கோடு சுற்ற ஒன்று. இதற்கு மேல் ஆள் வந்தால் பந்தலுக்குப் பின்னால் உட்காரச் சொல்லி, மணிக்கொரு தரம் மாற்றிவிடுங்கள். கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு காலி முக்காலியும், கொடியில் நாலு துண்டும் போட்டு வையுங்கள். யாரையும் கூப்பிட வேண்டாம். முதலில் வருவது பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களாக இருக்கும். சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களோடு வந்த பிள்ளை கழுவிய டம்ளரை மேஜைக்குக் கொண்டுபோகும். அதைப் பார்த்து இன்னொரு பிள்ளை வரும். பத்து டம்ளரோ நூறு டம்ளரோ, அவர்கள் எழுந்தால் விட்டுவிடுங்கள். “இருங்க, இன்னும் கொஞ்சம்” என்று பிடித்து வைத்தால் பார்க்கிற அடுத்த ஆள் உட்கார யோசிப்பார்.

கொடுக்கும்போது ஆளைப் பார்த்துக் கொடுங்கள். “வாங்கத்தா”, “அண்ணே, குடிச்சிட்டுப் போங்க”, “தம்பி, அம்மாவுக்கு ஒண்ணு வாங்கிக்க” என்று வாய்ச்சொல்லாகவே கூப்பிடுங்கள். மைக் வேண்டாம். மைக் அலறினால் பக்கத்தில் இருப்பவர் பேச்சு காதில் விழாது. பக்கத்து ஆள் பேச்சு கேட்காத கூட்டத்தில் யாரும் யாருக்கும் வழி விடுவதில்லை. முதல் அண்டாவைத் திறக்கும்போது பெண்களில் ஒருவர் குலவை போடட்டும். ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் குலவை வரும், கூடவே ஒரு “கோவிந்தா!”. அந்தச் சத்தம் போதும்.

கூட்டம் நகராமல் நிற்கிற நேரத்தில் மட்டும் கைமாற்றுக் கொடுக்கலாம். முன்வரிசையில் இருப்பவரிடம் இரண்டு டம்ளர் கொடுத்து, “ஒண்ணு பின்னாடி கொடுங்கண்ணே” என்று சொல்லுங்கள். டம்ளர் முக்கால்தான் நிறைந்திருக்க வேண்டும். தலைக்கு மேலே போகக் கூடாது, மார்பளவில் கை மாறட்டும். நாலைந்து வரிசை தாண்டிப் போகும், காலி டம்ளர் அதே வழியில் திரும்பி வரும். தனக்குக் கிடைக்குமா என்று எக்கிக்கொண்டிருந்த பின்வரிசை இப்போது முன்னால் தள்ளாது. வாங்க வந்தவர் கொடுக்கிறவராக மாறுவது இந்த இடத்தில்தான். நகர்கிற கூட்டத்தில் இதைச் செய்தால் மோர் முழுக்க அடுத்தவர் சட்டையில் இருக்கும், சண்டையும் வரும்.

எறியவே கூடாது. பிஸ்கட் பாக்கெட், விசிறி, துண்டு எதுவானாலும் மேடையில் நின்று வீசினால் கைகள் மேலே போகும், கண்கள் மேலே போகும், கால் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. “தீரப் போகுது, சீக்கிரம் வாங்க” என்பதும் அப்படித்தான். மோர் குறைந்தால் கூப்பிடுகிற ஆள் முதலில் வாயை மூட வேண்டும். ஒரு அண்டாவை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை ஜக்கில் ஊற்றி நிழலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் கொண்டுபோங்கள். கடைசி வரை வெறும் தண்ணீர் ஐம்பது லிட்டர் இருக்கட்டும்.

சாமி வருவதற்கு அரை மணி முன்பே கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும். சாமி கடக்கும்போது கூட்டம் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு முதுகால் பின்வாங்கும், உங்கள் மேஜையின் மேல்தான் வந்து சாயும். மேஜையையும் அண்டாவையும் உள்ளே இழுத்துவிடுங்கள். சாமி போனபின் கால்மணி நேரம் பெரிய அலை ஒன்று வரும். அதற்குள் நூறு டம்ளர் ஊற்றித் தயாராக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தோள் உரசி, கையை மார்புக்குக் கொண்டுவர முடியாத அளவுக்கு நெருக்கம் தெரிந்தால் எந்த நேரமானாலும் நிறுத்திவிட்டுப் போலீஸுக்குச் சொல்லுங்கள். சதுர மீட்டருக்கு நாலைந்து பேரைத் தாண்டினால் கூட்டம் தன் இஷ்டத்துக்கு நடப்பதில்லை.

மயங்கியவரைப் பந்தலுக்குள் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து மெதுவாகக் கொடுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஈரத்துணியால் உடம்பை நனைத்து 108-ஐ அழையுங்கள். தவறிப்போன பிள்ளை வந்தால் கூப்பிடுகிற ஆள் பக்கத்திலேயே உட்கார வைத்துக் கையில் டம்ளரைக் கொடுங்கள். தேடி வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த முனைதான்.

தரையில் சிந்துவதற்கு மணல் இரண்டு மூட்டை வைத்திருந்து, சேறாகும் முன்பே தூவுங்கள். முடிந்ததும் டம்ளரை எண்ணுங்கள். முப்பது நாற்பது குறையும். அதில் பாதி பக்கத்துப் பந்தலின் தொட்டியில் கிடக்கும், அவர்களுடையது உங்களிடம் இருக்கும். டம்ளரின் அடியில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்திருந்தால் சாயங்காலம் மாற்றிக்கொள்வது சுலபம். கலக்காத தயிர் மிஞ்சினால் அன்றைக்கே அன்னதானம் நடக்கிற மண்டகப்படிக்குக் கொடுத்துவிடலாம். கலக்கிய மோரை யாருக்கும் கொடுக்க வேண்டாம், கீழே ஊற்றிவிடுங்கள்.