வாங்காமல் விட்ட பணத்தைச் சேமிப்பாக மாற்றும் முறை

அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து சிக்கனமாக இருக்க வேண்டும் என்று முடிவெடுக்காத குடும்பம் அநேகமாக இருக்காது. அந்த முடிவு பத்தாம் தேதிக்குள் கரைந்துபோவதற்குக் காரணம் மன உறுதி இல்லாமை அன்று. எந்தச் செலவைக் குறைப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பொதுவாகக் குறைக்க முயல்வதுதான். ஆகவே, முதல் வேலையை வீட்டுக்குள் தொடங்குங்கள். ஒரு விடுமுறை நாளில் பரண், பீரோ, சமையலறையின் மேல்தட்டு, கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டி ஆகியவற்றைத் திறந்து, கடந்த ஓராண்டில் ஒருமுறைகூடக் கைபடாத பொருள்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். வாங்கிய விலை நினைவிருந்தால் பக்கத்திலேயே குறியுங்கள். ஒரு வீட்டில் மடிப்புக் கலையாத புடவைகள் மிகுந்திருக்கும். இன்னொரு வீட்டில் பிளாஸ்டிக் டப்பாக்களும், இரண்டு முறை மட்டும் பயன்பட்ட காய் நறுக்கும் கருவிகளும் இருக்கும். வேறொரு வீட்டில் பழைய ஹெட்போன்களும் சார்ஜர்களும் கிடக்கும். உங்கள் வீட்டுப் பணம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை இந்தப் பட்டியல்தான் உள்ளபடி காட்டும். பிறர் தரும் பொதுவான அறிவுரைகளைவிட இதை நம்புங்கள்.

அடுத்து, ஒரு மாதச் செலவு முழுவதையும் எழுத வேண்டும். யுபிஐ 2016இல் அறிமுகமான பிறகு, கைப்பையிலிருந்து நோட்டு குறைவதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு நமக்குப் போய்விட்டது. இருபது ரூபாய் டீ, அறுபது ரூபாய் பஜ்ஜி, நூற்று இருபது ரூபாய் ஆட்டோ என்று சிறு தொகைகளாகப் போவது மாத இறுதியில் ஒரு தவணைத் தொகைக்கு நிகராக நிற்கும். செயலியிலேயே மாதக் கணக்கு கிடைக்கும் என்றாலும், யாருக்கு அனுப்பினோம் என்பதை மட்டுமே அது சொல்லும், எதற்கு என்று சொல்லாது. அதனால் அன்றன்று இரவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி நோட்டில் எழுதுவதே நல்லது. இதில் தளர்ச்சி வந்தால், குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத தனி வங்கிக் கணக்கு ஒன்றை யுபிஐயோடு இணைத்து, வாரச் செலவுக்கு ஒதுக்கிய தொகையை மட்டும் திங்கட்கிழமைதோறும் அதில் போடுங்கள். சம்பளக் கணக்கு யுபிஐயில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது கடினமான பகுதிக்கு வருவோம். ஒரு பொருள் தேவையா, வெறும் ஆசையா என்று கடையில் நின்றுகொண்டு நம்மை நாமே கேட்டால், தேவை என்ற பதில்தான் வரும். கையில் பொருளும் எதிரில் விற்பனையாளரும் இருக்கும்போது மனம் தனக்கு வேண்டிய நியாயத்தைத் தேடிக்கொள்ளும். எனவே முடிவெடுக்கும் இடத்தை வீட்டுக்கு மாற்றுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில், வாங்க விரும்பும் பொருள், அதன் விலை, அந்த எண்ணம் தோன்றிய தேதி ஆகிய மூன்றையும் எழுதுங்கள். ஐந்நூறு ரூபாய்க்கு உட்பட்டதானால் மூன்று நாள், அதற்கு மேற்பட்டதானால் முப்பது நாள் காத்திருங்கள். தவணை முடிந்த அன்று அந்த வரியைப் படிக்கும்போதும் அந்தப் பொருள் வேண்டும் என்று தோன்றினால் தயங்காமல் வாங்குங்கள். இந்த முறையின் நன்மை, எதையும் வேண்டாம் என்று நமக்கு நாமே மறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான். பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கிறோம், அவ்வளவே. மறுக்கப்பட்ட ஆசை வளரும், தள்ளிவைத்த ஆசை பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

காத்திருக்கும் நாளில் ஒரு சிறு கணக்கும் போட்டுப் பாருங்கள். விலையை உழைப்பு நாளாக மாற்றிப் பார்க்கச் சொல்வது வழக்கம். ஆனால் அதை முழுச் சம்பளத்தைக் கொண்டு செய்தால் விடை ஏமாற்றிவிடும். கைக்கு வரும் சம்பளம் 24,000 ரூபாய், வேலை நாள் 26 என்றால், ஒரு நாள் உழைப்பு சுமார் 923 ரூபாய். 4,600 ரூபாய் மிக்சி ஐந்து நாள் உழைப்பு என்று தோன்றும். ஆனால் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், மின்கட்டணம் எல்லாம் போக மாதம் 6,000 ரூபாய்தான் மிஞ்சுகிறது என்றால், உண்மையில் ஒரு நாளில் நம் கையில் நிற்பது 230 ரூபாய். அதே மிக்சி இருபது நாள் மீதியை விழுங்குகிறது. பழைய மிக்சி ஓடவே இல்லை என்றால் அந்த இருபது நாளைத் தருவது நியாயமே. ஜார் மட்டும் பழுதென்றால், பிளேடையோ புஷ்ஷையோ மாற்றித் தரும் கடை அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு.

தள்ளுபடி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆடியில் திருமணம் முதலான சுபகாரியங்களைத் தவிர்ப்பது வழக்கமாதலால் அந்த மாதத்தில் ஜவுளி வியாபாரம் மந்தமாக இருக்கும். அந்த மந்தத்தை ஈடுகட்டவும், தீபாவளிச் சரக்கு வருவதற்கு முன் பழைய இருப்பைத் தீர்க்கவும் ஆடித் தள்ளுபடி உதவுகிறது. வியாபாரிக்கு அது நியாயமான தேவை. நமக்கு அது பயன்படுவது, என்ன வாங்கப் போகிறோம் என்பதை ஆனி மாதமே எழுதி வைத்திருந்தால் மட்டும்தான். தீபாவளிக்கு எப்படியும் எடுக்க வேண்டிய வேட்டி, போர்வை, அன்றாடம் கட்டும் பருத்திப் புடவை ஆகியவற்றை ஆடியில் எடுத்தால் உண்மையாகவே பணம் மிஞ்சும். பட்டியல் இல்லாமல் தியாகராய நகர் உஸ்மான் சாலைக்குப் போய் 2,000 ரூபாய்ப் புடவையை 1,200 ரூபாய்க்கு எடுத்தவர் 800 ரூபாய் மிச்சம் பிடித்ததாகச் சொல்வார். அவருடைய கணக்கில் நடந்தது 1,200 ரூபாய்ச் செலவு மட்டுமே. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள்: மூன்று பொருளுக்கு இரண்டின் விலை என்றால் தள்ளுபடி 33 விழுக்காடுதான், அதுவும் மூன்றும் தேவைப்பட்டால். ஒன்றே போதும் என்கிறவருக்கு அது இருமடங்குச் செலவு. குறையுள்ள பொருளைக்கூட மாற்ற முடியாது என்று கடைக்காரர் சொன்னால் விட்டுவிடாதீர்கள். ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிட்டால் முப்பது நாளுக்குள்ளும் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மளிகையில் செய்ய வேண்டியது எளிது. டப்பாக்களைத் திறந்து பார்த்த பிறகே சீட்டு எழுதுங்கள். போன மாதச் சீட்டைப் பார்த்து அப்படியே எழுதாதீர்கள். விலையைப் பார்க்கும்போது பாக்கெட்டின் உருவத்தை நம்பாமல், ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று அதிலேயே அச்சிடப்படும் அலகு விலையை ஒப்பிடுங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும்; ஏறத்தாழ அதே உயரமுள்ள பாக்கெட்டில் 800, 850 கிராம் மட்டுமே இருப்பதும் உண்டு. பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்ற எண்ணமும் சரியன்று. ஷாம்புவில் பல நேரங்களில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ச் சாஷேதான் பாட்டிலைவிட மில்லிக் கணக்கில் மலிவு. குடும்ப அட்டைக்கு நியாயவிலைக் கடையில் கிடைக்கும் துவரம் பருப்பையும் பாமாயிலையும் கௌரவம் பார்த்து விடுகிறவர்கள், மாதந்தோறும் வெளிச்சந்தையில் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையை ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும்.

இணையத்தில் வாங்குவதற்கு ஒரே ஒரு தடையை ஏற்படுத்துங்கள்: செயலியில் சேமித்த கார்டு விவரத்தை நீக்கிவிட்டு, அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். இன்னும் இரண்டு மட்டுமே உள்ளன என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கட்டணத்தைக் கடைசியில் கூட்டுவது, சந்தாவிலிருந்து வெளியேற வழியில்லாமல் செய்வது போன்ற 13 உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் தடை செய்திருக்கிறது. அப்படி ஏதேனும் கண்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். இலவச டெலிவரிக்காகக் கூடுதலாக வாங்குவதும் பார்க்க வேண்டிய ஒன்று. 40 ரூபாய்க் கட்டணத்தைத் தவிர்க்க 120 ரூபாய்ப் பொருளைச் சேர்த்தால், 80 ரூபாய் அதிகம் போகிறது. யுபிஐ ஆட்டோபே பகுதியைத் திறந்து பார்த்தால், ஒரு மாத இலவசத்துக்காகச் சேர்ந்து மறந்துபோன சந்தாக்களும் கிடைக்கும். அங்கேயே அவற்றை ரத்து செய்யலாம்.

வட்டியில்லாத் தவணை என்ற சொல்லை நம்பி வாங்குவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். கிரெடிட் கார்டு நிலுவைக்குத் தரப்படும் பூஜ்ய விழுக்காடு தவணைத் திட்டங்களில் வட்டியானது செயலாக்கக் கட்டணமாக மறைக்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கியே 2013இல் வங்கிகளுக்கு எழுதியது. இன்றைய திட்டங்களில் பெரும்பாலும் வட்டிக்கு ஈடான தள்ளுபடியை முன்பே கழித்துக் காட்டிவிட்டு வங்கி தன் வட்டியை வழக்கம்போல் வாங்குகிறது. அந்த வட்டியின் மீதும் செயலாக்கக் கட்டணத்தின் மீதும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டுவிட்டுத் தவணைகளின் மொத்தத்தோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய கேடு, 30,000 ரூபாய் கைப்பேசி மாதம் 2,500 என்று மாறும்போது, வாங்க முடியாத பொருள் வாங்கக்கூடியதாகத் தோன்றுவதுதான். அந்தத் தவணையை முதலில் உங்களுக்கே கட்டிப் பாருங்கள். மாதம் 2,500 ரூபாயைத் தனியே ஒதுக்கிப் பன்னிரண்டு மாதம் தாக்குப்பிடித்தால், கையில் 30,000 இருக்கும். அதே கைப்பேசியின் விலை அதற்குள் இறங்கியும் இருக்கும்.

நகை வாங்குவதைச் செலவு என்று யாரும் ஏற்பதில்லை. தங்கத்தின் விலை ஏறுவது உண்மையே. ஆனால் அட்சய திருதியைக்கு எடுக்கும் சங்கிலிக்குச் செய்கூலி, சேதாரம், 3 விழுக்காடு ஜிஎஸ்டி என்று தருவது விற்கும்போது திரும்பாது. அணிந்துகொள்ள வாங்குங்கள், அது மகிழ்ச்சியான செலவு. சேமிப்பதற்காக என்றால், சேதாரத்துக்கு எவ்வளவு போகிறது என்று ரசீதில் பார்த்த பிறகு முடிவெடுங்கள். விசேஷங்களில் தாம்பூலப் பையில் போடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிறு தட்டும் எல்லார் வீட்டுப் பரணிலும் சேர்ந்துகிடப்பவை. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு தேங்காய் கொடுத்தால் குறைவாக நினைப்பவர் யாருமில்லை.

சிக்கனம் என்று சொல்லித் தொடக்கூடாத செலவுகளும் உண்டு. குக்கரின் கேஸ்கெட், தேய்ந்த டயர், மருத்துவர் எழுதிய மருந்து, மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம் ஆகியவற்றைத் தள்ளிப்போட்டால் அது பல மடங்காகத் திரும்பி வரும். வீட்டிலுள்ள மற்றவர்களைக் கேட்காமல் அவர்களுடைய சிறு சந்தோஷங்களை வெட்டுவதும் தவறு. ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு சிறு தொகையை, கணக்குக் கேட்காமல் கொடுத்துவிடுங்கள். மற்றச் செலவுகளில் அவர்கள் உங்களோடு மனமொப்பி நிற்பார்கள்.

இனி, வாங்காமல் விட்ட பணத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். வேண்டாம் என்று வைத்த 1,200 ரூபாய் அதே கணக்கில் கிடந்தால், அடுத்த வாரம் ஓட்டல் பில்லாகக் கரைந்துவிடும், நாமும் சேமித்ததாகவே நினைத்திருப்போம். நோட்டில் ஒரு வரியை அடித்த அன்றே அந்தத் தொகையை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் சராசரியாக எவ்வளவு சேர்கிறது என்று தெரிந்தவுடன், அதைச் சற்றுக் குறைத்து அஞ்சலகத் தொடர் வைப்பைத் தொடங்குங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். காலம் 5 ஆண்டு. 6.7 விழுக்காடு வட்டியில் மாதம் 1,000 ரூபாய் கட்டினால், செலுத்திய 60,000 ரூபாய் முதிர்வில் சுமார் 71,300 ரூபாயாகும். வட்டி வீதத்தை அரசு காலாண்டுதோறும் அறிவிப்பதால், சேரும் நாளில் உள்ள வீதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் புதுப்பிக்கலாம். பன்னிரண்டு தவணை கட்டிய பின் இருப்பில் பாதிவரை கடன் கிடைக்கும் என்பதால், திடீர்ச் செலவுக்காகக் கணக்கை முடிக்க வேண்டியதில்லை. கணக்குத் தொடங்கும்போதே வாரிசுதாரர் பெயரையும் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.