ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு காவலாளி

பள்ளி நாடகத்தில் ஒத்திகைக்கு ஒழுங்காக வராத பையன்தான் ராஜா என்றால், வசனமே இல்லாத காவலாளி வேடத்தை நல்ல ஞாபகசக்தி உள்ள பிள்ளைக்குக் கொடுங்கள். ஒவ்வொரு ஒத்திகையிலும் ஈட்டியோடு பக்கத்திலேயே நின்று கேட்பதால் ராஜாவின் வசனம் தானாக மனப்பாடமாகிவிடும். நாடகத்தன்று ராஜா வராவிட்டால் காவலாளியே ராஜாவாகிவிடலாம். மேடையில் ராஜா திணறினாலும் காதோரம் எடுத்துக்கொடுக்கலாம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத் தமிழ்வழிப் பள்ளிகளில் ஓணம் லீவுக்குச் சுமார் 10 நாள் ஒத்திகை நின்றுவிடும். அப்புறம் இது ரொம்பவே கைகொடுக்கும். கிரீடத்தை மட்டும் பின்னால் நாடா கட்டும்படி அட்டையில் செய்யுங்கள், யார் தலைக்கும் பொருந்தும்.

ஒருவரே எல்லா வேடத்தையும் நடிக்கும் மோனோ ஆக்டுக்கும், இருவர் மட்டும் நடிக்கும் நாடகத்துக்கும் இது உதவாது. பஸ் கிடைக்காமல் தாமதமாக வரும் பிள்ளையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவனுக்காக ஒத்திகை நேரத்தை மாற்றுவதுதான் நியாயம்.