டர்பனில் கிட்டார் ஆசிரியர் தேடுவது எப்படி: பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும்

சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் கிட்டார் சொல்லித்தருவோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டில் வகுப்பு எடுக்கப் பட்டமோ சான்றிதழோ கட்டாயமில்லை. மேடையில் பிரமாதமாக வாசிப்பவர் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்லித்தருவார் என்றும் சொல்ல முடியாது. அதனால் ஆளைப் பார்த்து, கேட்டு, சோதித்து எடுக்கும் வேலை உங்களுடையதுதான்.

படி 1: என்ன வாசிக்க ஆசை என்று எழுதி வையுங்கள்

‘கிட்டார் கத்துக்கணும்’ என்று மட்டும் சொல்லிப் போனால், ஆசிரியருக்கு எது வருமோ அதைத்தான் கற்றுத்தருவார். வாசிக்க ஆசைப்படும் மூன்று பாடல்களின் பெயரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தேட வேண்டிய ஆள் யார் என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

நைலான் கம்பியில் விரலால் வாசிக்கும் கிளாசிக்கல் ஒரு வழி. கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கும் பிடி) பிடித்துப் பாடுவது இன்னொன்று. சர்ச் பாடலுக்கும் பஜனைக்கும் சினிமாப் பாட்டுக்கும் இதுதான் வேண்டும். எலக்ட்ரிக் கிட்டாரில் மெட்டைத் தனியாக வாசிக்கும் லீட் தனி உலகம். குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இருப்பவர்களுக்கு இந்த மண்ணிலேயே பிறந்த மஸ்கண்டி என்ற ஜூலு இசையும் இருக்கிறது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாறி மாறிக் கம்பியைத் தட்டும் ‘உகுபிகா’ பாணி அது. பாட்டு தொடங்குமுன் ‘இஸிஹ்லாபோ’ என்று ஒரு வேகமான முன்வாசிப்பு வரும். கார்டு மட்டும் தெரிந்தவரால் அதைச் சொல்லித்தர முடியாது. மஸ்கண்டி வாசிப்பவரிடமே போக வேண்டும்.

தமிழ்ப் பாட்டு பாட நினைப்பவர்கள் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: “என் சுருதிக்கு ஏற்ற மாதிரி பாட்டை மாற்றித் தருவீங்களா?” கோயிலில் பாடுபவர் ‘ஒன்றரைக் கட்டை’ என்பார், கிட்டார்காரர் ‘சி ஷார்ப்’ என்பார்; இரண்டும் ஒரே சுருதிதான். ஒரு கட்டை சி, இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு கட்டை ஏ. ஐந்தரைக் கட்டைக்காரர் கேப்போவை (கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்) முதல் ஃப்ரெட்டில் (கிட்டார்க் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்) மாட்டி ஜி, சி, டி, இ மைனர் கார்டுகளைப் பிடித்தால் போதும். ஒன்றரைக் கட்டைக்கு நான்காம் ஃப்ரெட்டில் கேப்போ, ஏ, டி, இ கார்டுகள். முதல் ஃப்ரெட்டில் மாட்டி சி, எஃப், ஜி கார்டுகளை வாசித்தாலும் அதே சுருதிதான் வரும். ஆனால் அதில் ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்த வேண்டிய எஃப் கார்டு குறுக்கிடும். புதியவர்கள் பலர் கிட்டாரை மூலையில் சாத்திவிடுவது அந்த இடத்தில்தான். இந்தக் கணக்கைக் கேட்டவுடனே போட்டுக் காட்டும் ஆசிரியர் உங்களுக்குப் பயன்படுவார்.

படி 2: கிட்டாரை அவசரப்பட்டு வாங்காதீர்கள்

ஆசிரியரிடம் பேசிவிட்டு வாங்குவது நல்லது. அளவு மட்டும் முன்பே தெரிந்திருக்கட்டும். 5, 6 வயதுக்கு கால் அளவு, 6 முதல் 8 வரை அரை அளவு, 8 முதல் 11 வரை முக்கால் அளவு, அதற்கு மேல் முழு அளவு. வயது ஒரு குறிப்புதான், கையின் நீளம்தான் முடிவு. உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்து, முதல் ஃப்ரெட்டைத் தொடும்போது இடது முழங்கை முழுக்க நீண்டுவிட்டால் அந்தக் கிட்டார் பெரியது.

பிள்ளைகளுக்கு நைலான் கம்பி விரலை அவ்வளவாக அறுக்காது. ஆனால் நைலான் கிட்டாரில் ஒருபோதும் இரும்புக் கம்பி மாட்டாதீர்கள். இரும்பின் இழுவிசை ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிரிட்ஜ் (கம்பிகளைக் கட்டியிருக்கும் மரத்துண்டு) பிய்ந்து வரும், கழுத்து வளையும். வீட்டில் கிடக்கும் பழைய கிட்டாரை எடுப்பதானால் 12ஆம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். இரும்புக் கம்பியில் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் புதியவர் கைக்கு வலிதான் மிஞ்சும். கடற்கரையோரம் வீடு இருந்தால் உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பையில் போட்டு மூடிவையுங்கள்.

படி 3: எங்கே தேடுவது

தெரிந்த பிள்ளை யாராவது ஒரு வருடமாக ஒரே ஆசிரியரிடம் போய்க்கொண்டிருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். விளம்பரத்தைவிட அது நம்பகமானது. அடுத்து உங்கள் பகுதி சர்ச்சின் இசைக்குழு. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஞாயிறு ஆராதனையில் கிட்டார் வாசிப்பவர்களில் சிலர் வார நாட்களில் வகுப்பும் எடுப்பார்கள். நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போனாலும் அவர்களிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹவர்ட் காலேஜ் வளாகத்தில் இசைத்துறை இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்கள் கட்டணம் குறைவாகக் கேட்கக்கூடும், ஆனால் அவர்களுக்குத் தேர்வு வந்தால் உங்கள் வகுப்பு நிற்கும். இசைக்கருவிக் கடைக்காரரிடமும் விசாரியுங்கள். யாரிடம் மாணவர்கள் தொடர்ந்து போகிறார்கள் என்பது கம்பி விற்பவருக்குத் தெரியும்.

வாட்ஸ்அப்பில் மட்டும் பேசியவருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். ஒரு வகுப்பு நேரில் நடந்த பிறகு கொடுக்கலாம்.

படி 4: முதல் செய்தியும் கேள்விகளும்

செய்தி சுருக்கமாக இருக்கட்டும். “வணக்கம் அண்ணா. என் மகளுக்கு ஒன்பது வயது. இதுவரை எந்தக் கருவியும் வாசித்ததில்லை. கார்டு பிடித்துப் பாட ஆசைப்படுகிறாள். செவ்வாய் அல்லது வியாழன் மாலை நான்குக்கு மேல் வசதிப்படும். ஒரு சோதனை வகுப்பு எடுக்க முடியுமா, கட்டணம் எவ்வளவு?” ஆங்கிலத்தில் அனுப்புவதானாலும் இவ்வளவு விவரம் போதும்.

பதில் வந்ததும் கட்டணம் வகுப்புக்கா, மாதத்துக்கா, பள்ளித் தவணைக்கா என்று கேளுங்கள். அரை மணி நேர வகுப்புக் கட்டணத்தை ஒருமணி நேரக் கட்டணத்தோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். ஒன்பது வயதுக்குக் கீழ் 30 நிமிடமே போதும், அதற்கு மேல் 45. பெரியவர்கள் ஒருமணி நேரம் தாங்குவார்கள்.

விடுமுறைக் கணக்கில்தான் தகராறு வரும். ஏப்ரலைப் பாருங்கள்: பெரிய வெள்ளி, அதையடுத்த திங்கள் (சில வருடம் இவை மார்ச்சில் வரும்), 27ஆம் தேதி சுதந்திர நாள், உடனே மே 1. ஈஸ்டர் வாரத்தில் மவுண்ட் எட்ஜ்கூம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பாதி ஊர் போய்விடும். திங்கள், வெள்ளியில் வகுப்பு வைத்தவர் மாதப்பணம் முழுதாகக் கட்டி, சில வருடம் பாதி வகுப்புதான் பெறுவார். பொது விடுமுறையில் தவறும் வகுப்பு வேறு நாளில் நடக்குமா, நாம் வராவிட்டால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். முடிந்தால் செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாளை எடுங்கள்.

தேர்வு எழுதும் எண்ணம் உண்டா என்பதும் இப்போதே தெளிவாக வேண்டும். இசைத் தேர்வு நடத்தும் ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி, யூனிசா, ராக்ஸ்கூல் எல்லாவற்றின் தேர்வுகளும் இங்கே எழுதலாம். ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடுக்கு (தேர்வு நிலைக்கு) போகுமுன் ஐந்தாம் கிரேடு தியரி (இசை இலக்கணத் தேர்வு) அல்லது அதற்கு இணையானது ஒன்றைத் தேறியிருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவரிடம் கிளாசிக்கல் கிரேடுக்குப் போவது வீண்செலவு. தேர்வே வேண்டாம் என்றால் தைரியமாக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

படி 5: பிள்ளை என்றால் பாதுகாப்பு முதலில்

குற்றப் பதிவு இல்லை என்று காட்டும் போலீஸ் கிளியரன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். சிறாரோடு பணிபுரியத் தகுதியற்றவர்கள் என்று தீர்ப்பானவர்களின் பெயர்கள் 2005ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி ஒரு தேசியப் பதிவேட்டின் ‘பி’ பகுதியில் இருக்கும். தன் பெயர் அதில் இல்லை என்பதை ஆசிரியரே விண்ணப்பித்து உறுதி செய்துகொள்ளலாம். கேட்டதற்குக் கோபித்துக்கொள்பவரை விட்டுவிடுங்கள், பொறுப்புள்ள ஆசிரியர் இதைத் தப்பாக எடுக்கமாட்டார். வகுப்பறைக் கதவு திறந்திருக்கட்டும், பெற்றோரில் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். ஆசிரியர் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பாமல், உங்கள் எண்ணுக்கே அனுப்பட்டும்.

படி 6: சோதனை வகுப்பில் எதைக் கவனிப்பது

முக்கியமான படி இதுதான். ஓரமாக உட்கார்ந்து, கிட்டார் யார் கையில் அதிக நேரம் இருக்கிறது என்று பாருங்கள். அரை மணியில் இருபது நிமிடம் ஆசிரியரே வாசித்துக் காட்டினால் அது கச்சேரி.

நல்ல ஆசிரியர் முதலில் சுருதி சேர்ப்பார்; தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ என்று பெயரும் சொல்வார். நாற்காலியின் உயரத்தையும் தோளையும் திருத்துவார். இடது கை நகம் நீளமாக இருந்தால் வெட்டச் சொல்வார். விரலை ஃப்ரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால் ஒட்டி வைக்கச் சொல்வார், ஏனென்றால் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்தினால் அதிக பலம் வேண்டும், கம்பியும் கரகரக்கும். முதல் கார்டு பெரும்பாலும் இ மைனர்; இரண்டு விரல் போதும். பிறகு நான்கு தட்டாகத் தாளம். அரை மணி முடியும்போது பிள்ளை ஏதாவது ஒன்றைத் தானாக வாசிக்க வேண்டும், அது இரண்டே சுரமானாலும் சரி.

முதல் நாளிலேயே எஃப் கார்டு, பத்துப் பக்க நகல், நடுவில் கைபேசி அழைப்பு: இவற்றில் எது வந்தாலும் வேறு ஆளைப் பாருங்கள். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை எப்படி ஆரம்பிப்பார் என்றும் கேளுங்கள். இரண்டு பக்கமும் பிடித்துப் பார்க்கச் சொல்பவர் யோசித்திருக்கிறார்; ‘எல்லாரும் வலக்கைதான்’ என்று முடிப்பவர் யோசிக்கவில்லை.

பெரியவர்கள் தங்களுக்காகப் போகும்போது கூச்சப்பட்டுக் கேள்வி கேட்காமல் திரும்பிவிடுகிறார்கள். வீட்டில் தினமும் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் என்ன செய்வது என்று எழுதித் தருகிறாரா பாருங்கள். விரல்நுனி இரண்டு மூன்று வாரம் எரிவது சகஜம். மணிக்கட்டு வலித்தால் உட்காரும் விதமோ கிட்டாரோ சரியில்லை. அடுத்த வகுப்பிலேயே சொல்லுங்கள்.

படி 7: ஆன்லைன் வகுப்பானால்

பக்கத்தில் ஆள் கிடைக்காதபோது இது பரவாயில்லை. பத்து வயதுக்குக் கீழ் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. விரலைப் பிடித்துத் திருத்த ஆள் வேண்டும். ஜூம் கிட்டார் ஒலியை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும், ஆகவே ஒலி அமைப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதை இயக்குங்கள். ஒலி தாமதமாக வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. மின்வெட்டு நாளில் வகுப்பு என்னவாகும் என்பதையும் முன்பே பேசிவையுங்கள்.

படி 8: மூன்று மாதம் கழித்து

வாரம் ஒரு வகுப்பும் வீட்டில் தினமும் கொஞ்சம் பயிற்சியும் நடந்திருந்தால் மூன்று மாதத்தில் ட்யூனர் (சுருதி காட்டும் கருவி) வைத்துச் சுருதி சேர்க்கவும், நான்கு கார்டுகளை நிற்காமல் மாற்றவும், ஒரு பாட்டை மெதுவாகவாவது முடிக்கவும் வர வேண்டும். சின்னப் பிள்ளைக்கு இதில் பாதி வந்தாலே நல்லது. ஒன்றும் வரவில்லை என்றால் முதலில் வீட்டுப் பயிற்சியைப் பாருங்கள். அது சரியாக நடந்தும் வரவில்லை என்றால் ஆசிரியரை மாற்றலாம். ஒரு மாத முன்னறிவிப்பு கொடுங்கள், டிசம்பர் விடுமுறைக்கு முன்பே கொடுத்துவிட்டால் ஜனவரிக் கட்டணப் பேச்சு வராது: “அண்ணா, இந்தத் தவணையோடு நிறுத்திக்கொள்கிறோம், இதுவரை சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி.” காரணம் கேட்டால் ஒரே வரியில் உண்மையைச் சொல்லுங்கள்.