பத்தடி தள்ளி நின்று படிக்க முடிகிறதா?

முதலாண்டு மாணவர்களை வரவேற்கும் மாலை நிகழ்ச்சிக்கு நான் செய்த முதல் போஸ்டரில் எல்லாம் இருந்தது, கிழமையைத் தவிர. "14-ஆம் தேதின்னா வெள்ளியா சனியா?" என்று வாரம் முழுக்க ஆளாளுக்குக் கேட்டார்கள். அதிலிருந்து, கணினியைத் திறக்கும் முன்பே ஒரு துண்டுத்தாளில் ஐந்து விஷயங்களை எழுதிவிடுகிறேன்: என்ன நிகழ்ச்சி, தேதியும் கிழமையும், நேரம், இடம், யார் வரலாம். இது போஸ்டரில் தெளிவாக இருந்தால் மற்றதெல்லாம் அலங்காரம்தான்.

ஏ3 அளவு (297 × 420 மி.மீ.) அறிவிப்புப் பலகைக்குச் சரியாக இருக்கும். நிகழ்ச்சியின் பெயர்தான் பெரியது. அடுத்தது தேதியும் இடமும். குழுவின் பெயர், லோகோ எல்லாம் அடியில் சிறிதாக இருக்கட்டும். லோகோவைப் பெரிதாக்கச் சொல்லி யாராவது கேட்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். நடந்துபோகிறவருக்கு வேண்டியது "எப்போ, எங்கே" மட்டும்தான். படம் ஒன்று போதும். அதன் மேல் எழுத்து வரும் இடம் வானம், சுவர் போல வெறுமையாக இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். ஒருமுறை 'கொண்டாட்டம்' என்ற தலைப்பில் ஒற்றைக்கொம்பு ககரத்தைவிட்டு விலகித் தனியாக நின்றது. அச்சாகி வந்த பிறகுதான் கவனித்தேன். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டியதுதான் காரணம். ஆங்கிலத் தலைப்புக்கு அழகாக இருக்கும் அந்த வித்தை தமிழுக்கு ஒத்துவராது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் கொம்பு இடம் மாறி விழுந்தால், பத்தி அமைப்பில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் 'வேர்ல்ட்-ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். வரிகளுக்கு இடையே மட்டும் தாராளமாக இடம் விடுங்கள்: மேல் வரியின் 'கூ' கீழ் வரியின் 'கீ'யோடு மோதக் கூடாது. கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் கட்டமரன், முக்த மலர் இரண்டும் யூனிகோடு எழுத்துருக்கள், தடித்த வடிவமும் உண்டு. ஒரு போஸ்டருக்கு ஓர் எழுத்துரு போதும் என்பது என் கருத்து.

பதிவுக்கு க்யூஆர் கோடு வைத்தால், வெள்ளைப் பின்னணியில் கறுப்பாகவே வையுங்கள். சுற்றிலும் அதிலுள்ள சிறு கட்டங்கள் நான்கின் அகலத்துக்கு வெற்றிடம் வேண்டும். அரை மீட்டர் தள்ளி ஸ்கேன் செய்ய 5 செ.மீ. அகலம் தேவை. படிவம் எல்லோருக்கும் திறக்கிறதா என்று வேறொருவர் போனில் பாருங்கள். உங்கள் கணக்கில் திறப்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

அச்சுக்குக் கொடுப்பது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) படங்களோடு, வெட்டும்போது போவதற்காக நான்கு ஓரமும் பின்னணியை 3 மி.மீ. கூடுதலாக நீட்டிய பிடிஎஃப். திரையில் மின்னும் பச்சையும் நீலமும் தாளில் மங்கித்தான் வரும், அதனால் முதலிலேயே அச்சு மைகளுக்கான நிறமுறையான சிஎம்ஒய்கேவில் வேலை செய்யுங்கள்.

கடைசிச் சோதனையை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. ஏ4 தாளில் ஒரு மாதிரி எடுத்துச் சுவரில் ஒட்டி, விஷயமே தெரியாத ஒருவரை ஏழடி தள்ளி நடந்துபோகச் சொல்வேன். ஏ3-ஐப் பத்தடியிலிருந்து பார்ப்பதும் அதுவும் ஒன்றுதான். தாண்டிப் போனதும், திரும்பிப் பார்க்கவிடாமல் கேட்பேன்: "என்னைக்கு? எங்கே?" பதில் தடுமாறினால், அன்றைக்கு அச்சுக்கு அனுப்புவதில்லை.